வேடியப்பன் சாமையை ஒப்புக்கொண்டது

நெல்லிவாசல் நாடு என்று சொல்லும் மலைப்பகுதியில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு மொத்தம் பதினெட்டு வீடு. பதினாறு வீட்டில் சாமை தின்றார்கள், சாமை என்றே சொன்னார்கள். கடைக்காரர் சிங்காரம் வீட்டில் அரிசி தின்றார்கள், அரிசி என்றே சொன்னார்கள், கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்கள். மீதி இருந்த ஒரே வீட்டில்தான் சாமை தின்றுவிட்டு அரிசி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வேடியப்பன் வீடு.

‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ என்று பன்மையில் எழுதுவது அநியாயம். சொன்னவன் வேடியப்பன் ஒருவன்தான். அவன் மனைவி முத்தம்மா எதுவும் சொன்னதில்லை. ஆக்கிப் போடுவதோடு அவள் வேலை முடிந்தது.

வேடியப்பன் பிறவிப் பொய்யன் அல்ல. அவனைக் கெடுத்தது வாணியம்பாடி. பதினேழு வயதில் தலையில் ஒரு கடுக்காய் மூட்டையோடு மலையிறங்கினான். மலைக் கடுக்காய் இல்லாமல் அங்கே தோல் பதமாவதில்லை. மூட்டையைத் தோல் மண்டியில் இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்றைக்கு அடுத்த தெருவில் ஒரு நிக்காஹ். பந்தலுக்குப் பின்னால் ஏழு தேக்சாவில் பிரியாணி தம்மில் கிடந்தது. வாசனை பிடித்துக்கொண்டு போன வேடியப்பன் அங்கேயே ஆறு வருஷம் நின்றுவிட்டான்.

கல்யாணச் சமையலுக்குப் பேர்போன பண்டாரி அதாவுல்லா பாய் அவனைச் சேர்த்துக்கொண்டார். முதல் இரண்டு வருஷம் வெங்காயம் உரித்தான். அப்புறம் இரண்டு வருஷம் விறகு தள்ளினான். ஐந்தாம் வருஷம்தான் சோறு வடிக்க விட்டார்கள். அரிசியை முக்கால் வேக்காட்டில் வடிக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் நறுக்கென்று நிற்கும், ஒரு நொடி பிந்தினால் குழையும்.

“டேய் வேடி, சோறு ஒண்ணுக்கொண்ணு சலாம் சொல்லலாம்டா. கட்டிப் புடிக்கக் கூடாது!” என்பார் பாய்.

கட்டிப் பிடிக்காத சோற்றை வடிக்கக் கற்றுக்கொண்டு, ஒரு நீளக் கரண்டியையும் அதைவிட நீளமான மீசையையும் எடுத்துக்கொண்டு வேடியப்பன் மலைக்குத் திரும்பினான். கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, மலையில் வடிப்பதற்குச் சோறு இல்லை. இருந்ததெல்லாம் சாமை, தினை, கேழ்வரகு, கொள்ளு, காட்டில் முளைக்கிற கீரை. வருஷத்துக்கு ஒரு கல்யாணம், இரண்டு காதுகுத்து வந்தால் வேடியப்பனைக் கூப்பிடுவார்கள். தலையில் துண்டு கட்டி, பானையைச் சாய்த்து, ஊரே பார்க்கக் கஞ்சியை வடித்துக் காட்டுவான். கூட்டம் “ஆகா” என்னும். மறுநாளிலிருந்து மறுபடி கடுக்காய் மூட்டை, புளி மூட்டை, காண்டிராக்டர் ஏச்சு. அடுப்பு இல்லாத சமையல்காரனாக அவனுக்குப் பதினாலு வருஷம் ஓடிவிட்டது.

வீட்டில் நடந்த வேடிக்கையும் பதினாலு வருஷம் ஓடியது. வேடியப்பன் வந்து உட்காருவான். தட்டைப் பார்ப்பான்.

“இன்னா இது?”

“சாமை.”

“இது ஒரு சோறா? குருவி திங்கிறது.”

சொல்லிவிட்டு மூன்று தரம் போட்டுத் தின்பான். முத்தம்மா சண்டைக்கு வரமாட்டாள். நாலாவது தரம் கேட்டால் மட்டும் பானையைக் கவிழ்த்துக் காட்டுவாள். வெளியே வந்து வாயைத் துடைத்துக்கொள்ளும்போது எதிர்வீட்டுக் கருப்பன் “இன்னா அண்ணே, சாப்டாச்சா?” என்பான். “ஆச்சுப்பா. அரிசிச் சோறு” என்பான் வேடியப்பன்.

அது முழுப் பொய்யுமல்ல. மாதம் ஒருமுறை திருப்பத்தூர் போய்ப் பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசி கொஞ்சம் வாங்கி வருவான். வெள்ளிக்கிழமைகளில் அவனே சமைப்பான். நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, பொங்கவிட்டு, வடித்து இறக்குவான். கழுநீரும் வடிகஞ்சியும் கொல்லைக் குழிக்குப் போகும். அதைக் குடித்து வளர்ந்தது அவன் வீட்டு வெள்ளாடு. முதுகில் எண்ணெய் தடவியது போல மினுமினுப்பாக இருக்கும். மேய்ச்சலுக்குப் போனால் மற்ற ஆடுகளை முட்டித் தள்ளிவிட்டு முன்னால் நடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டது அது ஒன்றுதான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அறுபத்திரண்டாம் வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மதிய உணவு வருகிறது என்று செய்தி வந்தது. சுற்றியுள்ள குடிசைகளையும் சேர்த்து ஐம்பது பிள்ளைகள். சமைக்க ஓர் ஆள் வேண்டும். வேடியப்பனுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. தினம் தினம் ஐம்பது தட்டு, தன் கரண்டி, தன் அடுப்பு! இனி மூட்டை தூக்க வேண்டியதில்லை. முகவாயை வருடிக்கொண்டே கிடந்தான்.

காலையில் அடுத்த செய்தி வந்தது. வேலைக்கு இன்னொருவனும் வருகிறான். கண்ணமங்கலத்து ராஜவேலு, ரோட்டோரக் காபிக் கடையில் வேலை பார்த்தவன். ஆபீசில் தனக்கு ஆள் இருப்பதாக அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். யாரை வைப்பது என்று முடிவு செய்யப் போஷாக்கு ஆபீசரம்மா நேரில் வருகிறாராம். பிள்ளைகளைப் பார்ப்பாராம், வீடு வீடாகப் போய் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பாராம், இரண்டு பேரையும் சமைக்கச் சொல்லிப் பார்ப்பாராம்.

போஷாக்கு என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஏதோ ராஜ விருந்தாக இருக்க வேண்டும் என்று வேடியப்பன் முடிவு கட்டினான். ஊரைப் புளியமரத்தடியில் கூட்டினான்.

“எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க. அந்தம்மா வந்து இன்னா சாப்பிடறீங்கன்னு கேட்டா, யாரும் சாமைன்னு சொல்லக் கூடாது. அரிசின்னு சொல்லணும்.”

“ஏன்ண்ணே பொய் சொல்லணும்?” என்றான் கருப்பன்.

“சாமைன்னு சொன்னா, இதுங்களுக்கு அரிசி வடிக்கவே தெரியாது, கீழேர்ந்து ஆள் அனுப்புன்னு எழுதிட்டுப் போய்டுவாங்க. ராஜவேலு வந்து குந்திக்குவான். ஒத்துக்கறியா?”

கருப்பன் யோசித்தான். ராஜவேலு ஒருபுறம் இருக்கட்டும். ஊருக்கு முதல் தடவையாக ஒரு ஆபீசரம்மா வருகிறார். அவர் முன்னால் சாமை என்று எப்படிச் சொல்வது? விருந்தாளி வந்தால் இல்லாத அரிசியைக் கடன் வாங்கிப் போடுகிற ஊர் அது. மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? எல்லோரும் தலையாட்டினார்கள்.

“நானும் சொல்லணுமா?” என்றாள் முத்தம்மா, கூட்டத்தின் ஓரத்திலிருந்து.

“நீ பேசாம இரு. அது போதும்.”

“அது எனக்குப் பழக்கந்தான்” என்றாள் அவள்.

ஆபீசரம்மாவின் பெயர் ஷம்ஷாத். வாணியம்பாடிக்காரர்தான், வாத்தியார் மகள். மெட்ராசில் போய் உணவைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். பாதை முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு ஐந்து மைல் ஏறி வந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் தாண்டவராயன் ஓடிப்போய் நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, நோட்டும் பென்சிலுமாக வீடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

முதல் வீடு கருப்பன் வீடு.

“காலைல இன்னா சாப்பிட்டீங்க?”

“அரிசிச் சோறும்மா.”

“கொழம்பு?”

கருப்பனுக்கு அதுவரைதான் பாடம். “அரிசிக் கொழம்பும்மா” என்றான்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டில் ஒரு பெண் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் உலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஆளைவிட உயரமான உலக்கை.

“அது இன்னாங்க குத்தறீங்க?”

“இதுவாம்மா? இது... கோழிக்கு.”

“எத்தினி கோழி?”

“ஒண்ணு.”

அம்மா உரலை எட்டிப் பார்த்தார். விளிம்பு வரை சாமை. “அரே, நல்லா சாப்பிடற கோழி” என்று சொல்லிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

முத்தம்மாவிடமும் கேட்டார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேடியப்பனைப் பார்த்தாள். “அவளுக்குக் கூச்சம்மா. எங்க வூட்ல அரிசிதான்” என்று அவன் முந்திக்கொண்டான். பதினெட்டு வீடு முடிந்தது. நோட்டில் பதினெட்டு வீட்டுக்கும் அரிசிச் சோறு.

அப்புறம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தார்கள். வாயைத் திற என்றார், நாக்கை நீட்டு என்றார், ஈறைத் தொட்டுப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் நெற்றியில் சுருக்கம் கூடிக்கொண்டே போயிற்று. வாயோரம் வெடித்துப் புண்ணாக இருந்தது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். அது சிங்காரத்தின் பெண். மற்ற பிள்ளைகளின் வாயில் ஒரு குறையுமில்லை. அம்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “சரி, சமைங்க” என்றார்.

வேடியப்பன் இதற்காகப் பதினாலு வருஷம் காத்திருந்தவன். துண்டைத் தலையில் கட்டினான். வெள்ளை அரிசியைப் பானையில் கொட்டிக் கழுவினான். முதல் தண்ணீர் பால் போல வந்தது, குழியில் கொட்டினான். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது தண்ணீரில் தன் மீசை தெரிந்ததும் திருப்தியாயிற்று. தண்டுக்கீரையைத் தண்டு ஒடித்து எறிந்து, இலையைப் பொடிப் பொடியாக நறுக்கி, நறுக்கிய பிறகு தண்ணீர் பச்சையாக வரும்வரை அலசினான். வேகவைத்துப் பிழிந்தான். பிழிந்த சாறு குழிக்கு. கடைசியில் பானையைச் சாய்த்தான். இடுப்பு வளைந்தது, முழங்கை மடங்கியது, கஞ்சி ஒரே வெள்ளைக் கயிறாகக் குழிக்கு இறங்கியது. கூட்டம் “ஆகா” என்றது. எங்கிருந்தோ அவன் ஆடும் வந்து சேர்ந்தது.

ராஜவேலு பக்கத்து அடுப்பில் வேறு மாதிரி சமைத்தான். ஊற்று பள்ளத்தில் இருந்தது. ஒருமுறை தண்ணீர் எடுத்து வந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆகவே அரிசியை ஒரே தண்ணீரில் கழுவினான். இரண்டு பாத்திரம் தேய்க்க யார் இருக்கிறார்கள் என்று அரிசி, பருப்பு, கீரை மூன்றையும் ஒரே பானையில் போட்டான். தட்டை வைத்து மூடினான். பீடி பற்றவைத்துக்கொண்டு மரத்தடியில் சாய்ந்தான். வடிக்கவில்லை. வடிக்க எழுந்திருக்க வேண்டும். பானை திறந்தபோது உள்ளே ஒரு பச்சைக் களி இருந்தது. ஊர் சிரித்தது. வேடியப்பன் மட்டும் பெரிய மனிதனாக, சிரிக்காமல் நின்றான்.

ஷம்ஷாத் அம்மா எழுந்தார். பானை பக்கம் வரவில்லை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நேரே வேடியப்பனின் அடுப்புக்குப் பின்னால் போய்க் குழியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குச்சியால் கிளறினார். ஆடு நகரவில்லை.

“இது இன்னா தண்ணி?”

“கழுவுன தண்ணிம்மா.”

“எத்தினி தரம்?”

“நாலு!” என்றான் பெருமையாக.

“இந்தப் பச்சை?”

“கீரை பிழிஞ்சதும்மா.”

“இது கஞ்சி. இது தண்டு.” ஒவ்வொன்றாக எழுதினார். “நான் எங்க போனாலும் பானைய அப்பறந்தான் பாப்பேங்க. கொட்டுனத மொதல்ல பாப்பேன். பானை பொய் சொல்லும், குழி சொல்லாது.”

வேடியப்பன் பானையை முன்னால் நகர்த்தினான். “அம்மா, சோத்த பாருங்கம்மா. ஒரு பருக்கை இன்னொண்ணு மேல ஒட்டாது.”

“ஒட்டாதுங்க. புள்ளைங்க உடம்புலயும் ஒட்டாது.” அம்மா எழுந்தார். “மில்லுல தீட்டறப்பவே இந்த அரிசியோட சத்து பாதி போச்சு. மிச்சத்துல கொஞ்சம் கழுவி ஊத்திட்டீங்க, கொஞ்சம் வடிச்சு ஊத்திட்டீங்க. கீரைய நறுக்கறதுக்கு முன்னாடி கழுவணும், நறுக்கிட்டுக் கழுவனா அதோட சாறு போய்டும். இப்ப பானையில இருக்கறது அழகு. சாப்பாடு இந்த ஆட்டு வயித்துல இருக்குது.”

ஊர் ஆட்டைப் பார்த்தது. ஆடு ஊரைப் பார்த்தது. அதன் முதுகு வெயிலில் மினுமினுத்தது. சாட்சி சொல்ல அது போதும்.

ராஜவேலுவின் குழியில் ஒரு தீக்குச்சியும் ஒரு பீடித் துண்டும்தான் இருந்தன. “நீங்க ஏன் வடிக்கல?” என்று அம்மா கேட்டார்.

ராஜவேலு காபிக் கடையில் நாலு விதமான ஆட்களைப் பார்த்தவன். “சத்து போய்டும்னுதாம்மா” என்றான், கண்ணை இமைக்காமல். ஒரு மனிதனின் சோம்பல் இப்படி ஒரே வாக்கியத்தில் விஞ்ஞானமாகிவிடும் என்று வேடியப்பன் கனவிலும் நினைக்கவில்லை.

அம்மா நோட்டைத் திறந்து உத்தரவு எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்தினார்.

“ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. பதினெட்டு வூட்லயும் அரிசின்னு சொல்றீங்க. வெள்ளை அரிசி மட்டும் தின்ன வாய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தோ, அந்தக் கொழந்தைக்கு இருக்குதே, அப்படி இருக்கும். மத்த புள்ளைங்க வாயெல்லாம் இப்படி சுத்தமா இருக்காது. இதுங்க வேற இன்னாவோ திங்குது. அது இன்னான்னு சொன்னா, பள்ளிக்கூடத்துக்கும் அதையே போடலாம். அத ஆக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் வெக்கணும். சொல்லலன்னா ராஜவேலு பேர எழுதிட்டு எறங்கிடுவேன். இருட்டறதுக்குள்ள நான் ஜீப்புக்குப் போவணும்.”

எல்லாப் பார்வையும் வேடியப்பன் மேல் வந்து விழுந்தது. கருப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு. உயிர் போனாலும் அரிசிதான்.

வேடியப்பன் முத்தம்மாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் தப்பித்துக்கொள்வான். அவளோ உரல் திட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். உலகத்திலேயே முக்கியமான வேலை அதுதான் என்பது போல ஒவ்வொரு கொட்டையாக எடுத்தாள். பேசாமல் இரு என்று சொன்னவன் நீதானே என்று அந்த விரல்கள் சொல்லின.

பென்சில் மறுபடி காகிதத்தைத் தொட்டது. ‘ரா’ என்று எழுதியும் ஆயிற்று.

“சாமைம்மா” என்றான் வேடியப்பன். மீசைக்குள்ளேயே சொன்னான்.

“இன்னாங்க?”

“சாமை! பதினெட்டு வூட்ல பதினேழு வூடும் சாமைதாம்மா. நாந்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க.”

“அப்ப அந்தக் கோழி?”

“அவ வூட்ல கோழியே இல்லம்மா.”

“உங்க வூடு?”

அதாவுல்லா பாய்க்கும் ஏழு தேக்சா பிரியாணிக்கும் வேடியப்பன் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டான். “எங்க வூட்லயும் அதான்” என்றான். “வெள்ளிக்கெழம தவிர.”

“எத்தினி வேளை?”

“மூணு.”

“ஒவ்வொரு வேளைக்கும் மூணு தரம்” என்றாள் முத்தம்மா, புளியிலிருந்து கண்ணெடுக்காமல்.

பதினாலு வருஷம் அரிசி அரிசி என்று கேட்டுக்கேட்டுக் காது புளித்திருந்த ஊர் அப்படிச் சிரித்தது. கருப்பன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். கூடச் சேர்ந்து சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாத்தியார் தாண்டவராயன் இருமினார்.

அம்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “எப்படி ஆக்கறது? சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

வேடியப்பன் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். நூறு பேர் பிரியாணிக்கு எத்தனை வெங்காயம், எந்த நேரத்தில் தயிர், மூடிமேல் எத்தனை கங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தன் வீட்டு அடுப்பில் பதினாலு வருஷமாக என்ன நடக்கிறது என்று அவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. குருவி தின்கிறதற்கு என்ன பெரிய செய்முறை என்று இருந்துவிட்டான்.

“முத்தம்மா...” என்றான்.

“சொல்றேன். அம்மாவுக்கு எல்லாம் சொல்றேன்.” அவள் புளியைத் தள்ளி வைத்தாள். “அதுக்கு மின்னாடி ஒண்ணு. நல்லா இருக்குதா, இல்லையா? அத மொதல்ல இந்தாளு சொல்லட்டும்.”

“நல்லா இருக்குதும்மா” என்றான் வேடியப்பன், ஆபீசரம்மாவிடம்.

“அவங்களாய்யா ஆக்கிப் போட்டாங்க? என்னைப் பாத்து சொல்லு. எது நல்லா இருக்குது?”

“சாமை.”

“யாரு ஆக்கனது?”

“நீ ஆக்கனது.”

“எப்பேர்ந்து நல்லா இருக்குது?”

வேடியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். “நம்ம கல்யாணத்து மறுநாளேர்ந்து” என்றான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முத்தம்மா எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். “அம்மா, எழுதிக்கங்க. நான் சொல்றேன், இந்தாளு செய்யட்டும். அப்பத்தான் புத்தியில நிக்கும்.”

சாமையை இரண்டு சுற்று குத்தினால் போதும். மூன்றாவது சுற்றில் வெளுக்கும், வீணாகவும் போகும். ஒரு தண்ணீர். அந்தத் தண்ணீரையும் கொட்டாதே, கொள்ளு வேகவைக்க அதை ஊற்று. கொள்ளு? அவள் வீட்டு எரவாணத்தில் துணியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தாநாள் ஊறவைத்தது, துணியைப் பொத்துக்கொண்டு முளை எட்டிப் பார்த்தது. உலைத் தண்ணீர் ஒன்றுக்கு இரண்டரை, அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. வடிக்கிறதுக்கு என்று ஒன்றுமே மிஞ்சக் கூடாது. கொதி அடங்கியதும் விறகை இழுத்துவிட்டு மூடி வை.

“மூடியத் தொறக்காதய்யா!”

“வெந்துச்சான்னு பாக்க வேணாமா?”

“உள்ள இருக்கறது எங்கயும் ஓடிடாது. கையக் கட்டிக்கிட்டு நில்லு.”

பண்ணைக்கீரையைக் கழுவிவிட்டுக் கையால் கிள்ளச் சொன்னாள். கத்தி வேண்டாம். இளந்தண்டையும் சேர்த்துக் கிள்ளு. கொள்ளு வெந்த பிறகு கடைசியில் போட்டு ஒரு கொதி, புளி கொஞ்சம், இறக்கு. நெல்லிக்காயை உப்பும் மிளகாயும் வைத்து அம்மியில் பச்சையாக ஓட்டு, அடுப்பில் ஏற்றாதே. வேடியப்பன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். அம்மா எழுதிக்கொண்டே போனார். நடுவில் ஒரு இடத்தில், “மெட்ராஸ்ல எங்களுக்கு இத ரெண்டு வருஷம் சொல்லிக் குடுத்தாங்க” என்று முணுமுணுத்தார்.

எல்லாம் முடிந்ததும் அம்மா குச்சியோடு குழிக்குப் போனார். காய்ந்த மண். ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் ஒரு தரம் கத்தியது. அம்மா முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. தட்டில் போட்டுச் சாப்பிட்டார். இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் ஊர் இழந்த மானமெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

“உங்க பேரு முத்தம்மாதானே? உங்களையே போட்டுடறேன்” என்று பென்சிலை எடுத்தார்.

வேடியப்பனின் முகம் வடித்த பானை போலாயிற்று. ஆனால் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் பேச வேண்டியதற்கு மேல் பேசிவிட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முத்தம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். “எனக்கு வேணாம்மா. ஒருத்தருக்கு ஆக்கிப்போட்டு ஒரு நல்ல வார்த்தை வாங்கவே பதினாலு வருஷம் ஆச்சு. அம்பது பேர்கிட்ட வாங்கறதுக்கு நான் எங்க போவேன்? காட்டுல களை கெடக்குது. இந்தாளுக்கு அடுப்பு இல்லன்னா மூட்டை தூக்கிக்கிட்டு மூஞ்சத் தூக்கி வெச்சிருப்பாரு. அவருக்கே குடுங்க. சரியா ஆக்கறாரான்னு நான் வந்து பாத்துக்கறேன்.”

“கண்டிப்பா பாப்பீங்களா?”

“தெனமும்” என்றாள் முத்தம்மா. அதை அவள் சொன்ன விதத்தில் வேடியப்பனுக்கு லேசாக வியர்த்தது.

அம்மா ‘ரா’வை அடித்துவிட்டு வேடியப்பன் பெயரை எழுதினார். ராஜவேலு பெரிதாக வருத்தப்படவில்லை. தினம் பள்ளத்துக்கு இறங்கித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று தெரிந்த நேரத்திலேயே அவன் மனம் பாதி மலையிறங்கிவிட்டது. அவனுக்கென்று மிஞ்சிய தட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். கீழே சமதரையில் ஏதாவது பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு போனானாம்.

கிளம்புவதற்கு முன் அம்மா நிரப்பிய பாரத்தில் ‘முன் அனுபவம்’ என்று ஓர் இடம் இருந்தது. வேடியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதாவுல்லா பாய் பேரைச் சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் முத்தம்மா நின்றாள். “வடிக்கக் கத்துக்கிட்டது ஆறு வருஷம்மா. தின்னது பதினாலு வருஷம்” என்றான். அம்மா இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்ட நாள் குறித்தாயிற்று. சாமை ஊரிலிருந்து மூட்டையாக வந்து இறங்கியது. இறங்கிய பிறகுதான் வேடியப்பனுக்கு ஒன்று உறைத்தது. வந்தது உமியோடு கூடிய சாமை. ஐம்பது பிள்ளைகளின் சாமையைக் குத்துவது யார்? மில் இல்லை. முத்தம்மாவைத் தேடினான். அவள் ஏற்கெனவே காட்டுக்குப் போகக் கூடையை எடுத்துவிட்டிருந்தாள்.

அந்த ஊரில் ஆம்பிளைகள் உலக்கை தொடுவதில்லை. தொடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, தொட்டதில்லை, அவ்வளவுதான். மணியடிக்க இரண்டு மணி நேரம் இருக்கையில் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து டொம் டொம் என்று சத்தம் கேட்டது. யாரென்று பார்க்கப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். கோழிக்காரி முதல் ஆளாக வந்திருந்தாள்.

“உலக்கைய நேரா தூக்குண்ணே. உரலு பயப்படுது.”

“மீசைய ஒதுக்கிக்க. சாமையோட கலந்துடப் போவுது.”

வேடியப்பன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி ஓங்கிக் குத்தினான். களைக்கொத்தோடு அந்த வழியாகப் போன முத்தம்மா நின்றாள். குனிந்து உரலுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் ஊதிப் பார்த்தாள்.

“மெதுவா குத்துய்யா. வெளுத்துடப் போவுது.”

வேடியப்பன் மெதுவாகக் குத்தினான்.